சிந்த்வாடா சாலையில் எம் தந்தையார் வண்டி

நாகபுரியில் வாழும் தமிழன்பர்களுள் சிந்த்வாடா சாலையை ஒருமுறையேனும் காணாதார் சிலரே. கோடையில் நகரம் கொதிக்கும்போது குழந்தைகளை அழைத்துக்கொண்டு தாமியாவுக்கோ பச்மடிக்கோ செல்வோர் பலரும் அவ்வழியே செல்வதுண்டு. பஸ்ஸிலும் காரிலும் சென்று வருபவர்க்கு அச்சாலை தன் ஒரு முகத்தையே காட்டும். பழைய மோட்டார் சைக்கிளில், அதுவும் நோயுற்ற மோட்டார் சைக்கிளில் சென்றவர்க்கு மற்றொரு முகத்தையும் காட்டிவிடும். அவ்விரண்டாம் முகத்தைக் கண்டு மீண்ட வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கு எழுதலாம் என்று கருதினோம்.

வண்டியைப் பற்றி முதலில் கூறிவிடுவது முறை. அது 1989ஆம் ஆண்டின் 350 சி.சி. புல்லட். எம் தந்தையார் மோத்திபாக் குறும்பாதைப் பணிமனையில் ஃபிட்டராக இருந்த நாளில் கடன்பட்டு வாங்கியது. கியர் மிதி வலக்காலிலும் பிரேக் மிதி இடக்காலிலும் அமைந்த பழைய வகை. புல்லட் என்றால் நம்மவர்க்குத் தனிப் பாசம் உண்டல்லவா? இங்கிலாந்தில் ரெடிச் நகரில் பிறந்த அவ்வண்டியை நம் நாட்டு இராணுவம் விரும்பி வாங்கத் தொடங்கியபின், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரின் கூட்டுறவில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தோன்றியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பிறந்த ஊரில் அவ்வண்டியின் உற்பத்தி நின்ற பின்னும் புகுந்த ஊரில் நிற்கவில்லை. "வட ஆர்க்காட்டிலிருந்து என் தகப்பனார் பிழைக்க வந்தார்; திருவொற்றியூரிலிருந்து இது வந்தது; இரண்டும் இங்கே நிலைத்துவிட்டன" என்று தந்தையார் அண்டை வீட்டு மராத்தியரிடம் கூறிச் சிரிப்பார்.

2008இல் அவர் பணியில் இருக்கும்போதே காலமானார். மெட்ரிக் மட்டுமே தேறியிருந்த எமக்குக் கருணை அடிப்படையில் ரயில்வேயில் இடம் கிடைத்தது. சில ஆண்டுகளில் குமாஸ்தா ஆனோம். தந்தையார் விட்டுச்சென்றவற்றுள் வேலைக்கு அடுத்தபடியாக எம் கைக்கு வந்தது அவ்வண்டிதான்.

அவ்வண்டியைப் பதினைந்து ஆண்டுகள் பராமரித்து வந்த முதிய மிஸ்திரி ஒருவர் 2023இன் நடுவில் கடையை மூடிவிட்டுச் சொந்த ஊர் சென்றார். அவர் இல்லாத குறை உடனே தெரியவில்லை. நவம்பர் மாதம் பின்சக்கரத்தில் ஆணி ஏறிற்று. சக்கரத்தை நாமே கழற்றி, டியூபை ஒட்டுபோடக் கொடுத்து, நாமே பூட்டினோம். வண்டியோடு வந்த சிறு புத்தகத்தில் எழுதியிருந்தபடியே பூட்டினோம் என்பதில் எமக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. அப்பெருமைக்கு உரிய கூலி பின்னால் கிடைத்தது.

இதற்கிடையே அலுவலகத்தில் இளையவர் ஒருவர் வண்டியை நல்ல விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். எம் மனைவிக்கும் விற்றுவிடுவதே விருப்பம். "மாமா வண்டி என்பதற்காக எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? வீட்டில் ஒன்பது வயதுக் குழந்தை இருக்கிறது" என்பாள். தாமியா வரை ஒருமுறை போய்வருவது, வண்டி தொல்லை கொடுத்தால் விற்றுவிடுவது என்று உடன்பாடு ஆயிற்று. மகளை அண்டை வீட்டில் விட்டு, டிசம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை விடியலில் இருவரும் தலைக்கவசம் அணிந்து புறப்பட்டோம்.

நாகபுரியிலிருந்து சிந்த்வாடா ஏறத்தாழ 125 கிலோமீட்டர். சாவ்னேர் வரை நிலக்கரி லாரிகளோடு போட்டியிட்டுச் செல்லவேண்டும். அதைக் கடந்ததும் சாலையின் இருமருங்கும் ஆரஞ்சுத் தோட்டங்கள். 2014இல் புவிசார் குறியீடு பெற்ற நாகபுரி ஆரஞ்சின் ஒரு பகுதி இத்தோட்டங்களிலேதான் விளைகிறது. இங்கே ஆண்டுக்கு இரு பருவம். தை மாசியில் பூத்துக் குளிர்காலத் தொடக்கத்தில் பழுப்பதை அம்பியா என்பர். மழை பிறந்தபின் பூத்து மாசி பங்குனியில் பழுப்பதை மிருக் என்பர். நாம் சென்றது அம்பியாவின் கடைசிக் காலம். இலை மறைவில் எஞ்சிய பழங்கள் பனியில் நனைந்து விளங்கின. அந்த அழகைப் பார்க்கத் தொடங்கிய இடத்தில்தான் வண்டி ஆடத் தொடங்கிற்று.

வேகம் மணிக்கு 65 கிலோமீட்டரைத் தொட்டதும், பின்பக்கம் இடமும் வலமுமாக மெல்ல அசைந்தது. கைப்பிடியில் நடுக்கமில்லை. வேகத்தைக் குறைத்தால் அடங்கும். கூட்டினால் மீண்டும் வரும். எம் மனைவி தோளைத் தொட்டு, "தூக்கம் வருகிறதா?" என்றாள். இல்லை என்றோம். "அப்படியானால் பின்னே சக்கரம் தனியாக நடக்கிறது, தேர் அசைவதுபோல் இருக்கிறது" என்றாள். சாலை சரியில்லை என்று சொல்லிவிட்டோம். அது பொய். சாலை நன்றாகவே இருந்தது.

மோட்டார் சைக்கிளின் ஆட்டம் இருவகைப்படும் என்பதை அன்பர்கள் அறிந்துகொள்வது நன்று. முதல் வகையில் முன்சக்கரமும் கைப்பிடியும் மட்டும் வினாடிக்கு ஏழெட்டு முறை விரைந்து நடுங்கும், உள்ளங்கையில் உணரப்படும். முன்டயரின் கோளாறு, சக்கரத்தின் கோணல், கைப்பிடித் தண்டைத் தாங்கும் கோன் செட்டின் தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்றை அதற்குக் காரணமாகத் தேடலாம். இரண்டாம் வகையில் வண்டி முழுவதுமே பாம்பு நெளிவதுபோல் வினாடிக்கு இரண்டு மூன்று முறை நெளியும்; இருக்கையில் உணரப்படும். அதற்குப் பெரும்பாலும் பின்புறத்தையே பார்க்கவேண்டும்: பின்டயரின் காற்று, பின்னே ஏற்றிய சுமை, பின்சக்கரத்தை ஏந்தும் கவையின் புஷ் தேய்வு, சக்கரம் நேராக நிற்காமை. ஆகவே பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவரே இந்நோயை முதலில் அறிவார். எம் மனைவி ஒரே வாக்கியத்தில் நோயின் இடத்தைக் காட்டிவிட்டாள். கேட்கத்தான் எமக்கு மனமில்லை.

ரயில்வேயில் இருப்பவர்க்கு இந்த நெளிவு புதியதன்று. ரயில் சக்கரத்தின் விளிம்பு தட்டையானதன்று. இருபதுக்கு ஒன்று என்ற அளவில் சரிந்திருக்கும். சக்கர இணை ஒருபுறம் ஒதுங்கினால், அப்பக்கத்துச் சக்கரம் பருத்த வட்டத்தில் உருண்டு இணையை மீண்டும் நடுவுக்குத் திருப்பும். ஆனால் நடுவில் நில்லாமல் மறுபுறம் கடந்துவிடும். அங்கிருந்து மீண்டும் திரும்பும். இவ்வாறு நெளிந்து நெளிந்தே பெட்டி செல்கிறது. மெதுவாகச் செல்லும்போது அந்நெளிவு தானே அடங்கும். ஒரு குறித்த வேகத்தைத் தாண்டினால் அடங்காமல் வளரும். அவ்வேகம் எது என்பது சக்கரத் தேய்வையும் தளர்ச்சியையும் பொறுத்தது. தேயத் தேய அது கீழே இறங்கிவரும். மோட்டார் சைக்கிளும் இப்படியே. எம் வண்டியில் அந்த எல்லை எங்கோ எட்டாத உயரத்தில் இருந்தது. அன்று காலை 65க்கு இறங்கியிருந்தது.

சௌசருக்கு முன்னே ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திப் பின்டயரின் காற்றை அளக்கச் செய்தோம். இருவர் செல்லும்போது 30 பவுண்டு வைப்பது தந்தையார் வழக்கம். அளவியில் 21 காட்டிற்று. ஒட்டுப்போட்ட இடத்தில் மெல்லக் கசிவு இருந்திருக்கவேண்டும். காற்றை நிரப்பினோம். அடுத்துச் சுமையைப் பார்த்தோம். சிந்த்வாடாவில் தங்கவிருந்த தமிழன்பர் இல்லத்துக்கென்று இட்லி அரிசி, சாம்பார்ப் பொடி, அப்பளக் கட்டு, ஒரு தகர டப்பா நிறைய முறுக்கு ஆகியவற்றைப் பின்னே நீட்டிய இரும்புத் தட்டில் கட்டியிருந்தோம். பின் ஆக்ஸிலுக்கும் பின்னே தொங்கும் சுமை, தராசுத் தட்டைப்போல் முன்சக்கரத்தை மேலே தூக்கி அதன் பிடிப்பைக் குறைக்கும். அரிசியை இறக்கி, இருவருக்கும் இடையே பை மாதிரி தொங்கவிட்டோம். மீண்டும் சென்றபோது நெளிவு பாதியாய்க் குறைந்திருந்தது. பாதி குறைந்ததே எம்மைக் கெடுத்தது. நோய் தீர்ந்தது என்று எண்ணிவிட்டோம்.

சௌசர், ஆரஞ்சு வியாபாரிகளின் ஊர். 2023 அக்டோபரில் சிந்த்வாடா மாவட்டத்தைப் பிரித்துப் பாண்டுர்ணா மாவட்டம் அமைத்தபோது அதில் சேர்ந்தது. அருகே ஜாம்சாவ்லியில் அரசமரத்தடியில் சயன நிலையிலுள்ள அனுமனைக் காணக் கூட்டம் திரளும். நின்ற அனுமனையும் பறக்கும் அனுமனையும் கண்டு பழகிய நம் கண்ணுக்கு, ஓய்ந்து படுத்திருக்கும் அனுமன் வியப்பளிக்கும். அன்று நாம் உள்ளே செல்லவில்லை. நேரம் போதவில்லை என்று காரணம் கூறினோம். உண்மையில் மனம் வண்டியிலேயே இருந்தது.

ராமாகோனாவை நெருங்கும்போது நெளிவு மீண்டும் தலைகாட்டிற்று. அப்போது நாம் செய்ததை வெட்கத்துடனேயே எழுதுகிறோம். பழைய புல்லட்டின் கைப்பிடி நடுவில் ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும். அதைத் திருகினால் உள்ளே தகடுகள் ஒன்றையொன்று அழுத்தி, கைப்பிடி எளிதில் திரும்பாதபடி இறுக்கிப் பிடிக்கும். கரடான பாதையில் கைப்பிடி உதறாமலிருக்க ஏற்பட்ட அமைப்பு அது. ஆட்டத்தை அடக்க அதை நன்றாக இறுக்கிவிட்டோம். முன்புறத்து நடுக்கத்தை அது ஓரளவு மறைக்கும். பின்புறத்து நெளிவுக்கோ அது மருந்தன்று. சில சமயம் நெளிவை வளர்க்கவும் செய்யும். அதைவிடப் பெருந்தீங்கு, வண்டி தன்னைத் தானே நேராக்கிக்கொள்ளச் செய்யும் சிறு சிறு திருத்தங்களையும் அது தடுத்துவிடும். இவையெல்லாம் இன்று தெரிகின்றன. அன்று குமிழை இறுக்கியதும் ஏதோ திறமையாகச் செய்துவிட்டதாகவே தோன்றிற்று.

ராமாகோனாவுக்கு அப்பால் சாத்புரா மலை தொடங்குகிறது. சமவெளியில் நாகபுரி கடல் மட்டத்துக்கு மேல் 310 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிந்த்வாடா 675 மீட்டர். அவ்வேறுபாட்டின் பெரும்பகுதியைச் சில்லேவானி மலைப்பாதையிலேயே ஏறவேண்டும். தேக்கும் மூங்கிலும் அடர்ந்த காடு. டிசம்பரில் தேக்கிலைகள் பழுப்பேறி, லாரி செல்லும்தோறும் சாலையில் சரசரவென்று உருளும். நாகபுரிப் பக்கம் ஓடிவரும் கன்ஹான் ஆறும் இம்மலைகளிலிருந்தே இறங்குகிறது. குரங்குகள் கட்டைச் சுவரில் வரிசையாக அமர்ந்து வழிப்போக்கரைப் பார்க்கும்.

இடப்பக்க வளைவுகளில் வண்டி தானே விழுவதுபோல் எளிதில் சாய்ந்தது. வலப்பக்க வளைவுகளில் சாய மறுத்தது. மூன்றாவதோ நான்காவதோ வலப்பக்க வளைவில், எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று பாதிச் சாலையை அடைத்து இறங்கியது. வேகம் 40க்கு மேல் இல்லை. கைப்பிடியைத் திருப்பினோம், இறுக்கிய குமிழ் திரும்பவிடவில்லை. முழு வலுவையும் கொடுத்ததும் சட்டென்று அளவுக்கு மேல் திரும்பிற்று. வண்டி ஒருமுறை உதறி, இடப்புறம் சரளைக் கல்லில் இறங்கி, கட்டைச் சுவருக்கு ஒரு முழத்துக்கு இப்பால் நின்றது. குரங்குகள் சிதறி ஓடின. சுவருக்கு அப்பால் மூங்கில் முடிகள் எம் காலுக்குக் கீழே தெரிந்தன.

எம் மனைவி இறங்கினாள். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் காலையிலேயே சொன்னேன்" என்றாள். "நீங்கள் சாலை சரியில்லை என்றீர்கள்." கோபம்கூட அக்குரலில் இல்லை. அதுவே எம்மை அதிகம் வருத்திற்று. கால்மணி நேரத்தில் சிந்த்வாடா பஸ் வந்தது. கையை நீட்டி நிறுத்தினாள். முறுக்கு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

நாம் தனியே, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்படாமல், உம்ராநாலா வழியாகச் சென்றோம். நாகபுரி சிந்த்வாடா குறும்பாதை ரயில் ஏறிய மலையும் இதுவே. தண்டவாளங்களுக்கிடையே இரண்டரை அடி அகலமே உடைய பாதை. அப்பெட்டிகளையே எம் தந்தையார் மோத்திபாக்கில் பழுது பார்த்தார். 2015இல் அவ்வண்டி நின்றது. பாதையை அகலமாக்கி இன்று பெரிய ரயில் ஓடுகிறது. சிறு ரயிலைக் காண விரும்புவோர் மோத்திபாக் அருங்காட்சியகத்துக்குத்தான் செல்லவேண்டும். சிறு வயதில் அதில் சென்றபோது பெட்டி ஆடுவதைக் கண்டு அஞ்சிய எமக்கு, "ஆட்டத்தைப் பார்க்காதே, அது அடங்குகிறதா என்று பார்" என்று தந்தையார் கூறியது நினைவுக்கு வந்தது. அன்று எம் வண்டியில் அடங்கவில்லை.

மறுநாள் காலை, தமிழன்பர் காட்டிய வழியில், பராசியா செல்லும் சாலையோரத்தில் இருந்த ஒரு சிறு கடைக்கு வண்டியைக் கொண்டுசென்றோம். எம் மனைவியும் வந்தாள். விற்பதற்கு முன் விலைக்குத் தக்கபடி சரிசெய்யத்தானே வேண்டும் என்பது அவள் எண்ணம். மிஸ்திரி எழுபதைக் கடந்த இசுலாமியப் பெரியவர். பழைய புல்லட்டுகள் நான்கு அவர் கடை வாசலில் நின்றன. நாம் சொன்ன நீண்ட வரலாற்றை அவர் பாதிக்குமேல் கேட்கவில்லை. எம் மனைவியை நோக்கி, "பேட்டி, நீ சொல். கையில் தெரிந்ததா, உட்காரும் இடத்தில் தெரிந்ததா?" என்றார் இந்தியில். உட்காரும் இடத்தில் என்றாள். பிறகு எம்மை நோக்கி, "கடைசியாக எதைத் தொட்டீர்கள்?" என்றார். பின்சக்கரம் என்றோம். தலையசைத்தார். குமிழை முழுவதும் தளர்த்திவிட்டார். அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

காரணம் தெரிந்த பின்னும் அவர் நேராக அதனிடம் செல்லவில்லை என்பதைக் கவனித்தோம். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, என்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினார். கைப்பிடியை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு விரல் நுனியால் மெல்லத் திருப்பினார். கோன் செட்டின் கிண்ணங்கள் பள்ளம் விழுந்திருந்தால் நடுவில் வந்ததும் ஒரு தடங்கல் தெரியும், அது இல்லை. 2019இல் கிண்ணங்களையும், மேலே 19 கீழே 19 ஆக 38 குண்டுகளையும் மாற்றியிருந்தோம். அடுத்து முன் ஃபோர்க்கின் கீழ்முனைகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். மெல்லிய 'டக்' ஒலி கேட்டது. குமிழை இறுக்கியிருந்தவரை அவ்வொலி கேட்டிராது. நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கினார். சக்கரம் தன் எடையாலேயே இருபுறமும் விழவேண்டும், ஆனால் ஒலி கேட்கக்கூடாது. அதுவே அளவு.

பின்சக்கரத்தின் ஸ்போக் கம்பிகளை ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே சுற்றினார். இறுகிய கம்பி மணிபோல் ஒலிக்கும். தளர்ந்தது மட்டையாக ஒலிக்கும். ரயில் நிற்கும்போது நீண்ட பிடியுள்ள சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிச் செல்லும் ஊழியரை முந்நாளில் கண்ட அன்பர்க்கு இது விளங்கும். இரண்டு கம்பிகள் மட்டையாக ஒலித்தன, இறுக்கினார். பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் உலுக்கினார். சக்கரம் மட்டும் அசைந்தால் பேரிங் தேய்வு. சக்கரத்தோடு கவையும் அசைந்தால் புஷ் தேய்வு. அவ்வூர் மிஸ்திரிமார் அக்கவையைச் சிம்டா என்கிறார்கள், அடுப்பங்கரை இடுக்கியின் பெயராலேயே. எம் வண்டியின் சிம்டா சிறிது அசைந்தது. "இன்னும் ஓராண்டு ஓடும், மறக்காதே" என்றார். புல்லட்டில் என்ஜினுக்கு அடியில் சட்டக் குழாய் கிடையாது, என்ஜினே சட்டத்தின் ஒரு பாகம். ஆகவே அதைப் பிடிக்கும் போல்ட்டுகள் தளர்ந்தால் வண்டியின் முதுகெலும்பே தளர்ந்ததாகும் என்று கூறி அவற்றையும் சோதித்தார். அவை உறுதியாக இருந்தன.

கடைசியாகக் கொத்தனார் சுவர் எழுப்பும்போது பிடிக்கும் நூல் ஒன்றை எடுத்தார். பின்டயரின் பின்புறம் அதைச் சுற்றி, இரு முனைகளையும் இரு பக்கமும் முன்சக்கரம் வரை கொண்டுவந்தார். எம் வண்டியில் முன்டயரும் பின்டயரும் ஒரே அகலம். ஆகவே சக்கரங்கள் நேராக இருந்தால் நூல் ஒவ்வொரு பக்கமும் நான்கு இடங்களில் டயரைத் தொட்டும் தொடாமலும் நிற்கவேண்டும். இடப்பக்க நூல் முன்டயரில் முட்டி வளைந்தது. வலப்பக்கத்தில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. "இதோ உன் தேர்" என்று எம் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

பின் ஆக்ஸிலின் இரு முனையிலும் நத்தை ஓடுபோல் சுருண்ட பல்வெட்டிய தகடு ஒன்று உண்டு. இரண்டையும் ஒரே பல் எண்ணிக்கையில் வைத்தால் சக்கரம் நேராக நிற்கும் என்பது புத்தகம். நாம் அப்படித்தான் வைத்திருந்தோம். பெரியவர் குனிந்து இடத் தகட்டைத் துணியால் துடைத்தார். அதன் இரண்டாம் பல்லின் மேல் அரத்தால் இழுத்த ஒரு கோடு. பூட்டும்போது நாமும் அதைக் கண்டிருந்தோம். ஏதோ பழைய கீறல் என்று விட்டுவிட்டோம். அத்தகடு முட்டி நிற்கும் முளையையும் அவர் காட்டினார். அம்முளை எப்போதோ ஒடிந்து மீண்டும் வெல்டிங் செய்யப்பட்டது; ஒரு நெல்மணி அகலம் விலகி அமர்ந்திருந்தது. பின்னே அந்த நெல்மணி, 1370 மில்லிமீட்டர் முன்னே செல்லும்போது ஒரு விரல் ஆகிவிடுகிறது. "வலப்பக்கம் முதற் பல்லிலிருந்து எண்ணு. இடப்பக்கம் இந்தக் கோட்டிலிருந்து எண்ணு. அதற்காகத்தான் போட்டிருக்கிறான்" என்றார். பிறகு, "யார் போட்டது?" என்று கேட்டார்.

எமக்கு உடனே பதில் கூற இயலவில்லை. 2001 மழைக்காலத்தில் தந்தையார் ஒருநாள் நொண்டிக்கொண்டே வீடு வந்தது நினைவிருக்கிறது. அதன்பின் சில ஞாயிறுகளில், குடியிருப்பின் முற்றத்தில் வண்டியை நிறுத்தி, கயிற்றின் ஒரு முனையை எம்மிடம் கொடுத்து, "தொட்டும் தொடாமலும் பிடி" என்பார். அசைத்தால் அதட்டுவார். எமக்கு வயது பதினான்கு. தெருவில் கிரிக்கெட் ஆடும் நண்பர்கள் கூவி அழைப்பார்கள். எதற்காகப் பிடிக்கிறோம் என்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை.

பெரியவர் இடத் தகட்டைக் கோட்டுக்குத் திருப்பி, சங்கிலியின் தொய்வைப் பார்த்து, நட்டுகளை இறுக்கி, மீண்டும் நூலைப் பிடித்தார். எட்டு இடங்களிலும் தொட்டும் தொடாமலும் நின்றது. 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். முறுக்கு கொடுத்தோம், பல் இல்லை என்று பேரனிடம் கொடுத்துவிட்டார்.

அங்கிருந்து தாமியாவுக்குப் பஸ்ஸில் செல்வதா, வண்டியில் செல்வதா என்பதை எம் மனைவியே முடிவுசெய்யட்டும் என்று பேசாமல் நின்றோம். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, "ஆடினால் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவேன். உடனே நிறுத்தவேண்டும். சாலை என்று சொல்லக்கூடாது" என்றாள். ஏறினாள். பராசியாவைக் கடந்து ஒரு நேர்ச்சாலையில் 50, 60, 65 என்று ஏற்றினோம். வண்டி தண்டவாளத்தில் செல்வதுபோல் சென்றது. 70 தொட்டபோது தோளில் இரண்டு தட்டு விழுந்தது. ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டு, பிரேக்கை அழுத்தாமல், நெஞ்சு படபடக்க ஓரம் கட்டினோம். தேநீர்க் கடை ஒன்றைத் தாண்டி வந்துவிட்டோமாம்.

தாமியா உயர்ந்த மலைமுகட்டில் உள்ள சிற்றூர். அங்குள்ள ஓய்வில்லத்தின் பின்னே நின்றால் நிலம் திடீரென்று அற்றுப்போகும். மலை மேல் மலையாக நீலமாய் மடிந்துகொண்டே செல்லும். அண்மையில் இருக்கிறது பாதாள்கோட், குதிரை லாட வடிவில் நாற்புறமும் பாறைச் சுவர் சூழ்ந்த ஆழ்பள்ளத்தாக்கு. அதன் அடியில் பாரியா, கோண்டு இன மக்களின் ஊர்கள் உள்ளன. தூதி ஆறு அங்கே தோன்றி வடக்கே செல்கிறது. மேலிருந்து பார்த்தபோது குடிசைகள் கடுகளவில் தெரிந்தன. ஒன்றிலிருந்து புகை நேராக எழுந்தது. எம் மனைவி கட்டைச் சுவரின் ஓரம்வரை சென்று பார்த்தாள். நாம் இரண்டடி பின்னேயே நின்றோம். முதல் நாள் கண்ட மூங்கில் முடிகள் இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை.

வண்டியை விற்கவில்லை. சிம்டாவின் புஷ்ஷை 2024 நவம்பரில், பெரியவர் சொன்ன ஓராண்டு முடிவதற்குள், மாற்றினோம். அதற்குச் சக்கரத்தைக் கழற்றவேண்டியிருந்தது. தேய்ந்து மங்கியிருந்த அரக் கோட்டின் மேலேயே மீண்டும் ஒருமுறை அரத்தை இழுத்துவிட்டு, ஞாயிறு காலை நூலை எடுத்தோம். மறு முனையை மகள் பிடித்தாள். எதற்கு என்று கேட்டாள், சொன்னோம். கை வலிக்கிறது என்று இரண்டு முறை சொன்னாள்.